கீச்சொலி கேட்காத கைபேசி

ஜியோகேச்சிங் என்பது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பின்தொடர்ந்து போய், யாரோ ஒளித்துவைத்த பெட்டியைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு. பெட்டிக்குள் ஒரு பதிவேடு இருக்கும். கண்டெடுத்தவர் அதில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இந்தப் பெட்டியைத்தான் விளையாடுவோர் ‘கேச்’ என்கிறார்கள். அதை வைத்துப் பராமரிப்பவர் அதன் உரிமையாளர். சில கேச்களில் அடுத்து எங்கே போக வேண்டும் என்பது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ ஒளிந்திருக்கும் சின்னஞ்சிறு வானொலிப் பரப்பி ஒன்று அந்த எண்களைக் காற்றில் சொல்லிக்கொண்டிருக்கும். இதற்குப் பெயர் பீக்கன். தக்க கருவி வைத்திருப்பவர் அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார். இல்லாதவருக்கு அது வெறும் மரம்.

இந்த விளையாட்டு பிறந்ததே வானொலிச் சமிக்ஞை ஒன்றைப் பற்றிய அரசு முடிவால்தான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பிய சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்துவந்தது. கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப்போகலாம். அந்தக் கலப்பை நிறுத்துவதாக அதிபர் பில் கிளின்டன் 2000 மே 1 அன்று அறிவித்தார். அன்று நள்ளிரவே நின்றது. ஒரே இரவில் உலகிலிருந்த ஜிபிஎஸ் கருவிகளெல்லாம் பத்து, இருபது மீட்டர் துல்லியத்துக்கு வந்தன. மே 3 அன்று ஒரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே காட்டோரம் ஒரு வாளியை வைத்துவிட்டு, அதன் இட எண்களை இணையத்தில் வெளியிட்டார் டேவ் அல்மர். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், கவண், ஒரு டப்பா அவரை என்று பல பொருள்கள் இருந்தன. சில நாள்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. ஜியோகேச்சிங் என்ற பெயர் அந்த மாதக் கடைசியில்தான் வந்தது.

ஒரே இடத்தோடு முடிகிற தேடல் சிலருக்கு அலுத்துப்போனதால் பல கட்டத் தேடல்கள் வந்தன. முதல் இடத்தில் ஒரு தகடு, அதில் அடுத்த இடத்தின் எண்கள். அங்கே ஒரு கல்வெட்டு, அதிலுள்ள ஆண்டைக் கூட்டிக் கழித்தால் மூன்றாவது இடம். தகட்டுக்கும் கல்வெட்டுக்கும் கண்ணைத் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. இந்தச் சமத்துவம் 2010 அக்டோபரில் குலைந்தது. ஜிபிஎஸ் கருவிகளுக்குப் பெயர்பெற்ற கார்மின் நிறுவனம் ‘சிர்ப்’ என்ற பீக்கனை அந்த மாதம் அறிமுகப்படுத்தியது. சிர்ப் என்றால் குருவியின் கீச்சொலி. பெரிய நாணயத்தின் அளவிருக்கும் அந்த வில்லை, அடுத்த கட்டத்தின் இட எண்களையும் ஒரு குறிப்பையும் தனக்குள் வைத்திருக்கும்; வந்து பேசிய கருவிகளை எண்ணி வைக்கும். சுமார் 10 மீட்டருக்குள் வந்தால் கேட்கும் என்றது நிறுவனம். கேட்கக்கூடியவை என்று அது சொன்ன கருவிகளோ அதன் சொந்தத் தயாரிப்புகளில் சில மட்டுமே: ஒரிகன் 450, 550, டகோட்டா 20, ஜிபிஎஸ்மேப் 62எஸ் போன்றவை. பிறகு வந்த இட்ரெக்ஸ் வரிசையில் 30ஆம் எண் மாடலில் இதற்கான வானொலி உண்டு; 20ஆம் எண் மாடலில் கிடையாது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். வணிகக் கணக்கு இல்லாமல் இப்படி நடக்காது.

விளையாட்டின் பட்டியலைப் பராமரிப்போர் இதற்கு ஒரு நடைமுறைத் தீர்வு கண்டார்கள். இப்படிப்பட்ட கேச்களின் விவரப் பக்கத்தில் ‘கம்பியில்லா பீக்கன்’ என்ற தனிக் குறி இடம்பெறுகிறது. வீட்டிலிருந்து புறப்படும் முன்பே அந்தக் குறியைப் பார்த்துக்கொள்ளாதவர்தான் மரத்தடியில் தவிக்கிறார்.

தவிப்பவரின் கையிலிருப்பது பெரும்பாலும் நல்ல கைபேசிதான். அதில் வைஃபை, புளூடூத், ஜிபிஎஸ், அலைபேசிக்கான வானொலி என்று நான்கைந்து வானொலிகள் உண்டு. அப்படியிருந்தும் 10 மீட்டர் தள்ளியிருக்கும் பீக்கன் ஏன் கேட்கவில்லை? சமிக்ஞை பலவீனமாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். கணக்கு போட்டால் அந்த எண்ணம் நிற்காது.

இத்தகைய சிறு பரப்பிகளின் ஆற்றல் வழக்கமாக ஒரு மில்லிவாட் அளவில் இருக்கும். சிர்ப் பயன்படுத்தும் 2457 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.2 செ.மீ. திறந்த வெளியில் 10 மீட்டர் கடந்து ஓர் எளிய ஆண்டெனாவை அடையும்போது, அனுப்பிய ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மிஞ்சும். அதாவது ஒரு வாட்டை நூறு கோடி பங்காக்கியதில் ஒன்று. கேட்பதற்கு இது மிகக் குறைவாகத் தோன்றினாலும், இவ்வகை ஏற்பிச் சில்லுகளுக்குத் தேவையானதைப்போல் சுமார் 300 மடங்கு இது. ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் வேடிக்கை இன்னும் தெளிவாகும். 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை தரையைத் தொடும்போது, பீக்கனிலிருந்து வந்த அந்த ஒரு பங்கை மீண்டும் ஒரு கோடி பங்காக்கினால் கிடைக்கும் அளவுக்கே இருக்கும். அதைக் கைபேசி கேட்டுவிடுகிறது. ஒரு கோடி மடங்கு உரத்த பீக்கனை, பத்து மீட்டர் தள்ளி நின்றும் கேட்க மறுக்கிறது.

ஜிபிஎஸ் கேட்பதற்குக் காரணம் அதன் வலிமை அன்று. எந்தச் செயற்கைக்கோள் எந்தக் குறிவரிசையை அனுப்பும் என்பது ஏற்பிக்கு முன்பே தெரியும். 1023 துண்டுகள் கொண்ட வரிசை அது; மில்லிநொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். ஏற்பி அதே வரிசையைத் தனக்குள் உண்டாக்கி, வருகிற இரைச்சலோடு பொருத்திப் பொருத்திப் பார்க்கிறது. பொருந்தும் கணத்தில் இரைச்சலுக்கு அடியிலிருந்து சமிக்ஞை மேலே வருகிறது. சந்தை இரைச்சலிலும் தன் பெயரை யாராவது சொன்னால் காதில் விழுவதைப் போன்றது இது. எதை எதிர்பார்ப்பது என்ற உடன்பாடு இருந்தால் மெல்லிய ஓசையும் கேட்கும். இல்லாவிட்டால் உரத்த ஓசையும் இரைச்சல்தான். பீக்கனுக்கும் கைபேசிக்கும் இடையில் இல்லாதது இந்த உடன்பாடே. அது ஒரே இடத்தில் முறிந்திருக்கவில்லை. நான்கு அடுக்குகளில் முறிந்திருக்கிறது. தக்க கருவி இல்லாதவருக்கு எந்த மாற்றுவழி பயன்படும் என்பது, அவர் கையிலிருப்பது எந்த அடுக்கில் நின்றுபோகிறது என்பதைப் பொறுத்தது.

முதல் அடுக்கு அதிர்வெண். சிர்ப் பேசும் முறைக்கு ‘ஆன்ட்’ என்று பெயர். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், காக்ரேன் என்ற ஊரில் இயங்கிய டைனஸ்ட்ரீம் நிறுவனம் உருவாக்கியது இது. ஓடுபவரின் காலணியிலும் மார்புப் பட்டையிலும் உள்ள உணரிகள், கைக்கடிகாரத்தோடு மிகக் குறைந்த மின்செலவில் பேசுவதற்காகப் பிறந்தது. 2006இல் கார்மின் அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. பல நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான அதன் பொது வடிவம் ‘ஆன்ட் பிளஸ்’. அதற்கென ஒதுக்கிய இடம்தான் 2457 மெகாஹெர்ட்ஸ். வைஃபை, புளூடூத், நுண்ணலை அடுப்பு எல்லாம் கூடி இரையும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைக்குள்ளேயே இது வருகிறது. வைஃபையின் 10ஆம் தடத்தின் நடுப்புள்ளியும் சரியாக 2457தான். குறைமின் புளூடூத்தின் 40 தடங்கள் 2402, 2404 என்று இரட்டைப்படை எண்களில் 2480 வரை செல்கின்றன. அந்தக் கணக்கில் ஆன்ட் பிளஸ் இரண்டு தடங்களின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. இருந்தாலும் கைபேசியின் ஆண்டெனா இந்த அலையைப் பிடிக்கத்தான் செய்கிறது. இந்த அடுக்கில் குறை சிறிதே.

இரண்டாவது அடுக்கு, பேச்சின் உருவம். ஆன்ட்டும் குறைமின் புளூடூத்தும் அதிர்வெண்ணைச் சற்றே ஏற்றி இறக்கித்தான் ஒன்றையும் சுழியத்தையும் சொல்கின்றன. வேகமும் இரண்டிலும் நொடிக்குப் பத்து லட்சம் பிட். உடன்பிறந்தவை என்றே சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு செய்திப் பொட்டலமும் ஓர் அடையாள வரிசையோடு தொடங்குகிறது. புளூடூத் ஏற்பியின் வன்பொருள், தனக்குரிய 32 பிட் அடையாளம் வந்தால் மட்டுமே காதைத் திறக்கும். வேறு எது வந்தாலும் அந்தப் பொட்டலம் மென்பொருள் வரைக்கும் வந்துசேராது, வாசலிலேயே தூக்கியெறியப்படும். கைபேசியில் எந்தச் செயலியை நிறுவினாலும் ஆன்ட் கேட்காததற்கு இதுவே காரணம். செயலி உட்கார்ந்திருப்பது மாடியில். பொட்டலம் திரும்பிப்போவது தெருக்கதவிலிருந்து.

மூன்றாவது அடுக்கு சாவி. ஆன்ட் வலைகளுக்கு 8 பைட் நீளமுள்ள வலைச்சாவி ஒன்று உண்டு. இரண்டு கருவிகளிலும் ஒரே சாவி இருந்தால்தான் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்கும். ஆன்ட் பிளஸ்ஸின் சாவி, அதன் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டவர்களுக்கு வழங்கப்படுவது. எனவே ஆன்ட் சில்லு ஒன்றை வாங்கிப் பற்றவைத்துவிட்டால் மட்டும் சிர்ப்பைக் கேட்டுவிட முடியாது.

நான்காவது அடுக்குதான் பலரை ஏமாற்றுவது. ஆன்ட் பிளஸ்ஸுக்குள் இதயத் துடிப்புக்கு ஒரு வரைமுறை, சைக்கிள் மிதிவேகத்துக்கு ஒன்று, கேச்சுக்கு ஒன்று எனத் தனித்தனி உண்டு. ஒரு பொட்டலம் சுமப்பது 8 பைட். அந்தப் பைட்டுகள் இதயத் துடிப்பா, அட்சரேகையா என்பதை வரைமுறைதான் சொல்லும். கேச் வரைமுறையில் அடையாளப் பெயர், பின் எண், அட்சரேகை, தீர்க்கரேகை, குறிப்பு, கடைசியாக வந்த நேரம், வருகைகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு இடமுண்டு. 8 பைட்டுக்குள் இவ்வளவும் அடங்காது. பக்கம் பக்கமாக வந்துசேர வேண்டும். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டமாகக் கடந்துபோனால் எதுவும் கிடைக்காததும் இதனால்தான். சைக்கிள் ஓட்டுபவரின் கைப்பிடிக் கணினியில் ஆன்ட் பிளஸ் வானொலி இருக்கும், சாவி இருக்கும். ஆனால் கேச் வரைமுறை எழுதப்படாத மாடல் என்றால் சிர்ப் அதற்கும் ஊமைதான். மூன்று கதவு திறந்தும் நான்காவது அடைத்திருக்கிறது.

அடுக்குகள் தெரிந்துவிட்டால் மாற்றுவழிகளைத் தேடுவது எளிது. முதலில் கைபேசியின் பிறப்பைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் சோனியின் எக்ஸ்பீரியா வரிசையிலும் சாம்சங்கின் கேலக்ஸி வரிசையிலும் பல மாடல்கள் ஆன்ட் வானொலியோடு வெளிவந்தன. எஸ்5 அவற்றில் ஒன்று. வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த சில்லிலேயே ஆன்ட்டையும் சேர்க்க முடிந்ததால் தயாரிப்பாளருக்குக் கூடுதல் செலவு பெரிதாக இல்லை. அலமாரியில் கிடக்கும் பழைய கைபேசி இந்த வகையாக இருந்தால், புதிய கைபேசியால் ஆகாததை அது செய்துவிடும். இரண்டாவது அடுக்கை அந்த ஆன்ட் வானொலியே பார்த்துக்கொள்ளும்; மூன்றாவதை ஆன்ட் சேவைச் செயலிகள் பார்த்துக்கொள்ளும். நான்காவதற்குக் கேச் வரைமுறையைப் படிக்கும் தனிச் செயலி வேண்டும். ஐபோன்களில் ஆன்ட் வானொலி ஒருபோதும் உள்ளேயே பொருத்தப்பட்டதில்லை.

உள்ளே இல்லாத வானொலியை வெளியிலிருந்து சேர்ப்பது அடுத்த வழி. விரல்நுனியளவுள்ள ஆன்ட் யுஎஸ்பி குச்சி ஒன்று உண்டு. வீட்டுக்குள் நிறுத்திவைத்த சைக்கிளை மிதித்தபடி கணினித் திரையில் பந்தயம் ஓட்டுபவர்கள், மிதிவேகமும் இதயத் துடிப்பும் கணினிக்குப் போவதற்காகச் செருகிக்கொள்வது அது. அதே குச்சியை மடிக்கணினியில் செருகி, உரிய மென்பொருளை ஓட்டினால், மடிக்கணினியே சிர்ப்பைக் கேட்கும். யுஎஸ்பி பொருள்களை நேரடியாக ஏற்கும் ஆண்ட்ராய்டு கைபேசியானால், மாற்று இணைப்பியோடு அதிலேயே செருகிக்கொள்ளலாம். குச்சியோடு பேசுவதற்கான இடைச் சேவையையும் நிறுவ வேண்டும். செலவைப் பார்த்தாலும் கைக்கு எட்டும் நிலையைப் பார்த்தாலும் நல்ல வழி இதுதான். குறை ஒன்றே: மழை தூறும் காட்டில், ஒரு கையில் மடிக்கணினியைத் திறந்து பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வருபவரை அவ்வழியே போகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதைப் பொருட்படுத்தக் கூடாது.

மென்பொருள் வானொலியை நம்புகிறவர்களும் உண்டு. மலிவான ஆர்டிஎல் வகைக் குச்சிகள் சுமார் 1.7 ஜிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 2.457 அவற்றுக்கு எட்டாத உயரம். 6 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும் ஹேக்ஆர்எஃப் போன்ற பலகைகள் அலையைப் பதிவுசெய்யும். ஆனால் பதிவானது அலைதான், பேச்சு அன்று. அதிலிருந்து பிட்களைப் பிரித்து, அடையாளம் கண்டு, பக்கங்களைக் கோத்து, எண்களை எடுக்கும் வேலை முழுவதும் ஆள்மேல் விழும். ஒரு கேச்சுக்காக இதைச் செய்பவருக்குக் கேச்சைவிட அலைதான் பிடித்திருக்கிறது என்று பொருள்.

வானொலியே இல்லாத வழிகளும் உண்டு. கருவி வைத்திருப்பவரோடு சேர்ந்து போவது எல்லாவற்றிலும் எளிது. விளையாட்டின் விதிப்படி பதிவேட்டில் இருவரும் பெயரெழுதலாம். உரிமையாளருக்கு எழுதிக் கேட்கலாம். தர வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் சிலர் கேச்சை அமைக்கும்போதே மாற்றுவழி வைத்திருப்பார்கள்: பீக்கன் இருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள பலகையிலிருந்து கணக்கிடும் புதிர் அல்லது சற்றுக் கூடுதல் நடை.

கணக்கிலும் கொஞ்சம் இடமுண்டு. புதிர் வகைக் கேச்களில் அறிவித்த இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் இடைவெளி 2 மைலுக்கு, அதாவது சுமார் 3.2 கி.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது பட்டியலின் நெறி. வெவ்வேறு கேச்களின் பெட்டிகளுக்கு இடையில் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இன்னொன்று. முதல் நெறி வரையும் வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 32 சதுர கி.மீ. ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு கேச்சும் தன்னைச் சுற்றிச் சுமார் 0.08 சதுர கி.மீ.யை அடைத்துவிடுகிறது. கேச் நெருக்கமாக உள்ள நகரப் பூங்காவில் இப்படி அடைத்துக்கொண்டே வந்தால் மிச்சமிருக்கும் திட்டுகள் குறையும். தனியார் நிலம், ரயில்பாதை, நீர்நிலை ஆகியவற்றைக் கழித்தால் இன்னும் குறையும். திறந்த காட்டில் இந்த முறைக்கு மதிப்பே இல்லை. நகரத்தில்கூட இது ஊகம்தான். ஆனால் முந்தைய தேடல்காரர்கள் எழுதிவைத்த ‘பாலத்தைக் கடந்தோம்’, ‘செருப்பெல்லாம் சேறு’ போன்ற வரிகளோடு சேர்த்துப் பார்த்தால் ஊகத்துக்குக் கால் முளைக்கும்.

தக்க கருவி இருந்தும் கேட்காத சந்தர்ப்பங்களைப் பேசாமல் இந்த விஷயம் முழுமையாகாது; குச்சியோடு கிளம்புகிறவர்களையும் இவை விடுவதில்லை. மேலே சொன்ன 300 மடங்கு மிச்சம் திறந்த வெளிக் கணக்கு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும். ஈர இலைகள், நனைந்த மரப்பட்டை இவற்றோடு தேடுபவரின் சொந்த உடம்பும் அதில் சேர்த்தி. கருவியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, பீக்கனுக்கு முதுகைக் காட்டி நிற்பவர் தன் உடம்பாலேயே அலையை மறைத்துவிடுகிறார். தரையோடு ஒட்டிவைத்த பீக்கனின் அலை மண்ணில் பட்டுச் சிதறும். எல்லாவற்றிலும் மோசமானது உலோகப் பெட்டி. அமெரிக்கக் காடுகளில் கேச்சாகப் பெரிதும் விரும்பப்படுவது ராணுவத் தோட்டாப் பெட்டி. மழைக்கும் கரடிக்கும் தாங்கும். நாற்புறமும் எஃகு மூடிய அந்தப் பெட்டிக்குள் பீக்கனைப் போட்டால் அலை வெளியே வராது. பீக்கனைப் பெட்டிக்கு வெளியே, பிளாஸ்டிக் டப்பாவில் வைப்பதே முறை.

மின்கலத்தின் கதை தனி. சிர்ப்பில் இருப்பது சிஆர்2032 என்ற நாணய வடிவ லித்தியம் கலம். சுமார் 225 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவு. பரப்பும்போது இத்தகைய வானொலிகள் 15 மில்லிஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் கேட்கும். நிறுத்தாமல் பேசினால் 15 மணி நேரத்தில் கலம் தீர்ந்துவிடும். ஓராண்டு தாக்குப்பிடிக்க வேண்டுமானால் சராசரியாக 25 மைக்ரோஆம்பியருக்குள் அடங்க வேண்டும். ஆகவே பீக்கன் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்கிறது. மில்லிநொடிக்கும் குறைந்த கணம் விழித்து ஒரு கீச்சு, பிறகு மீண்டும் தூக்கம். கேட்கும் கருவி அந்தக் கணத்தில் காதைத் திறந்திருக்க வேண்டும். முதல் கீச்சு கிடைத்துவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று கணித்து அதற்கேற்ப விழித்துக்கொள்ளும். எனவே பொறுமையாக ஓரிடத்தில் நிற்பதற்குப் பலன் உண்டு. கார்மின் கருவிகளிலேயே சிர்ப்பைத் தேடும் வசதியை அமைப்புப் பகுதியில் போய் இயக்க வேண்டியிருக்கிறது. அதை மறந்துவிட்டுப் பீக்கனைத் திட்டுகிறவர்கள் குறைவில்லை. கடுங்குளிரில் லித்தியம் கலத்தின் உள்மின்தடை ஏறும். அந்த 15 மில்லிஆம்பியரைத் திடீரென்று கேட்டால் மின்னழுத்தம் சரியும். கோடையில் பேசிய பீக்கன் பனிக்காலத்தில் வாயடைத்துப்போவது இப்படித்தான். தீர்ந்த கலத்தின் முன்னால் தக்க கருவி, தகாத கருவி என்ற வேறுபாடு இல்லை.

ஆன்ட்டின் நிழல் இப்போது சுருங்கிவருகிறது. சிர்ப்பின் உற்பத்தி நின்றுவிட்டது. கைபேசித் தயாரிப்பாளர்கள் புளூடூத்தே போதும் என்று ஆன்ட்டைக் கைவிட்டார்கள். ஆன்ட் பிளஸ் கருவிகளுக்குச் சான்றிதழ் தரும் திட்டமும் 2025இல் முடித்துக்கொள்ளப்பட்டது. காட்டில் மிச்சமிருக்கும் சிர்ப்புகளுக்குக் காது கொடுப்பவர்கள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள்.

அந்த இடத்துக்கு வந்தவற்றில் புளூடூத் பீக்கன் முதன்மையானது. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஆப்பிள் 2013இல் கொண்டுவந்த ஐபீக்கன் வடிவம் எந்தச் செய்தியையும் சுமப்பதில்லை. 16 பைட் அடையாளம் ஒன்று, 2 பைட் எண்கள் இரண்டு, வலிமையைக் குறிக்கும் ஒரு பைட், அவ்வளவே. அந்த அடையாளத்துக்கு என்ன பொருள் என்பது அதை ஏற்கெனவே அறிந்த செயலிக்குத்தான் தெரியும். பொதுவான தேடல் செயலிகளுக்கு ஐபோன் இந்தப் பொட்டலத்தைக் காட்டுவதே இல்லை. வானொலி இருக்கிறது, உருவம் பொருந்துகிறது, ஆனாலும் கேட்காது. நான்காவது அடுக்கு புதிய சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. கூகுள் 2015இல் வெளியிட்ட எடிஸ்டோன் வடிவம் சிறு இணைய முகவரி ஒன்றைச் சுமக்கக்கூடியது என்பதால் இதற்கு ஏற்றதாக இருந்தது. ஆனால் அத்தகைய பீக்கன்களை ஆண்ட்ராய்டு தானாகவே அறிவிப்பாகக் காட்டும் வசதி 2018 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. இன்று தனிச் செயலி கொண்டு தேடினால்தான் அது தெரியும். கேச் உரிமையாளருக்கு இதைவிட எளிய வழி, பீக்கனின் பெயரிலேயே செய்தியை வைத்துவிடுவது. பெயரைக் காட்டுவதற்குப் பெரும்பாலான தேடல் செயலிகள் போதும்.

அதே உத்தி வைஃபையில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. இஎஸ்பி8266 போன்ற மலிவான சில்லு ஒன்றை வைஃபை நிலையமாக அமைத்து, அதன் வலைப்பெயராக இட எண்களையே எழுதிவிடலாம். வலைப்பெயருக்கு 32 பைட் வரை இடமுண்டு. அல்மர் வாளி வைத்த இடத்தைத் திசைக்குறிகளும் இடைவெளிகளும் சேர்த்து, கலையில் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எழுத 24 எழுத்துகள் போதும்; அந்தக் கடைசி இலக்கம் அட்சரேகையில் 1.85 மீட்டரைக் குறிக்கும். தேடுபவர் வலையில் இணைய வேண்டியதில்லை, கடவுச்சொல் வேண்டியதில்லை. கைபேசியின் வைஃபை பட்டியலைத் திறந்தால் விடை கண்முன் நிற்கும். ஐபோன், ஆண்ட்ராய்டு, மடிக்கணினி எல்லாம் இதில் ஒன்றுதான். விலையாகக் கொடுப்பது மின்சாரம். வைஃபை சில்லுக்கு நாணயக் கலம் கட்டுப்படியாகாது. பெரிய மின்கலமோ சூரியத் தகடோ வேண்டும், அல்லது தேடி வருபவரே மின்சாரம் கொண்டுவந்து செருக வேண்டும்.

பண்பலை வானொலியை நாடிய உரிமையாளர்களும் இருக்கிறார்கள். பதிவுசெய்த குரல் ஒன்று இட எண்களைத் திரும்பத் திரும்பப் படிக்கும். காரிலுள்ள வானொலியைச் சொன்ன அலைவரிசைக்குத் திருப்பினால் கேட்கும். அமெரிக்காவில் உரிமம் இல்லாமல் பரப்புவதற்கான வலிமை வரம்பு 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்; ஏறத்தாழ 60 மீட்டர் வரை கேட்கும் அளவு அது. சிர்ப்பின் எல்லையைவிட இது பெரிது, வேண்டிய கருவியோ பாட்டி காலத்து டிரான்சிஸ்டர். மேலே சொன்ன நான்கு அடுக்குகளும் இதில் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன: அதிர்வெண் பொருந்தினால் மீதியை மனிதக் காதே பார்த்துக்கொள்ளும்.

சிர்ப் வைத்த கேச்சை யுஎஸ்பி குச்சியால் படித்தவரும், நண்பரின் கருவியால் படித்தவரும், உரிமையாளரிடம் கேட்டு வந்தவரும், வட்டங்கள் வரைந்து ஊகித்தவரும் கடைசியில் ஒரே பெட்டியைத்தான் திறக்கிறார்கள். பதிவேட்டில் எல்லோர் பெயரும் ஒரே மையில் ஏறும். மரத்தில் உறங்கும் அந்த வில்லையின் எண்ணியிலோ, அதனோடு பேசிய கருவிகள் மட்டுமே வருகையாகப் பதிந்திருக்கும்.